எண்ணெய் ஊறிய வீடுகள்

நெடுங்கரட்டில் நூல் மில் வைத்திருந்த செங்கோட்டுவேலின் சிவப்புக் கார், அந்த ஊர் ரோட்டில் யாருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாத கார், ஒரு சித்திரை மாதத்தில் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. தளும்பத் தளும்ப இன்ஜின் ஆயில் ஊற்றினாலும் இரண்டு நாளில் அளவுகோலை உருவிப் பார்த்தால் முனை காய்ந்து வந்தது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. பின்னால் புகை வரவில்லை. ஈரோட்டில் பார்த்தார்கள், கோயமுத்தூரில் பார்த்தார்கள், சென்னையிலிருந்து ஆள் வந்து மடிக்கணினியைச் சொருகிப் பார்த்துவிட்டு, காரில் குறையே இல்லை என்று சொல்லிப் போனான். குறையில்லாத கார் எண்ணெய் குடித்துக்கொண்டே இருந்தது. எண்ணெய் ஒழுக்கைக் கண்டுபிடிக்க இந்தப் பக்கம் பட்டறைக்காரி சம்பூர்ணத்தை விட்டால் வேறு ஆளில்லை என்று மில்லில் எல்லோரும் சொன்னார்கள். சொன்ன கையோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஏனென்றால் சம்பூர்ணத்தின் புருசன் நாகமாணிக்கத்தைச் சந்தை நாள் பட்டப்பகலில், சந்தை ரோட்டில், அத்தனை சனம் நடமாடும்போது அடித்துப் போட்டுவிட்டுப் போனது அந்தக் கார்தான். அப்போது அது வெள்ளைக் கார். கொஞ்ச நாள் மில்லுக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்து, பிறகு சிவப்பாக வெளியே வந்தது. நிறம் மாறினாலும் சத்தம் மாறவில்லை. அந்தக் காரின் இன்ஜின்மேல் சூப்பர்சார்ஜர் என்று ஒரு காற்றுச் சக்கரம் உட்கார்ந்திருந்தது. இன்ஜின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று, பெல்ட்டில் சுற்றி, இன்னும் இன்னும் என்று அதன் தொண்டைக்குள் காற்றைத் திணிக்கும் சக்கரம். காலை அழுத்த அழுத்த அது ஊளையிடும். அப்படி ஊளையிடும் வண்டி அந்தத் தாலுகாவிலேயே வேறு கிடையாது. அன்றைக்குத் தன் பட்டறையில் ஒரு மினி லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த சம்பூர்ணம் அந்த ஊளை வாசலைத் தாண்டிப் போவதைக் கேட்டாள். அது அடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் ஓடி வந்து அவள் காலைப் பிடித்து வெளியே இழுத்துச் சேதி சொன்னார்கள்.

ஸ்டேஷனில் அவள் சத்தத்தைச் சொன்னாள். "சத்தத்தை வெச்செல்லாம் கேஸ் போட முடியாதும்மா. யார் பாத்தா? ஒருத்தர் பேரைச் சொல்லு" என்றார்கள். அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஊரில் இருந்த தறிகளுக்கெல்லாம் நூல் செங்கோட்டுவேலின் மில்லிலிருந்துதான் வந்தது. ஒருவர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன் என்றார், ஒருவர் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார், ஒருத்தி தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதிக் கேஸை மூடினார்கள். சம்பூர்ணம் பட்டறைக்குத் திரும்பி வந்து பாதியில் விட்ட மினி லாரியை முடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எட்டு வருசம் அவள் யார் வீட்டு விசேசத்துக்கும் போகவில்லை.

இப்போது அந்தக் கார் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றது. செங்கோட்டுவேலே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, இறங்கும்போதே சாவியை நீட்டினான்.

"ஏம்மிணி, வண்டி எண்ணெய் குடிக்குது. எங்க போகுதுன்னு எவனுக்கும் தெரியல. நீ பாத்தா சொல்லிருவேன்னாங்க."

"விட்டுட்டுப் போங்கண்ணா."

"எத்தனை நாளாகும்?"

"எண்ணெய் எங்க போய்ச் சேருதுன்னு தெரியோணுமில்லீங்க. தெரிஞ்சதும் சொல்றேன்."

சுவரில் மாலை போட்டுத் தொங்கிய நாகமாணிக்கத்தின் படத்தை அவன் நிமிர்ந்து பார்த்தான். "நல்ல மனுசன். விதி, என்ன பண்றது" என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தபோது சம்பூர்ணத்தின் கையில் பெரிய ஸ்பேனர் ஒன்று இருந்தது. அவள் அதை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

அவன் போனபிறகு அவள் காரைச் சுற்றி வந்தாள். பிரேக் குழாயில் ஒரு சின்னக் கீறல் போட்டால் போதும். கரட்டு மேட்டு இறக்கத்தில் மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும். குழாயைக் கையால் தொட்டும் பார்த்தாள். அப்புறம் யோசித்தாள்: ஒரு நிமிசத்தில் செத்துப்போவான், எதுக்காகச் செத்தோம் என்று தெரியாமலேயே போவான், ஊரே திரண்டு வந்து ஒப்பாரி வைக்கும், மில்லுக்கு மூன்று நாள் லீவு விடுவார்கள். அதுக்கா எட்டு வருசம் காத்திருந்தேன்? கையை எடுத்துவிட்டாள். ஒழுக்கைப் பார்க்கத்தானே கொண்டுவந்து விட்டிருக்கிறான், முதலில் ஒழுக்கைப் பார்ப்போம் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இன்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள், தண்ணீர் அடித்தாள், காற்றடித்துக் காயவைத்தாள். முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு டப்பா வாங்கி வந்து இன்ஜின் முழுக்கத் தூவினாள். எங்கே கசிந்தாலும் வெள்ளையில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். புது எண்ணெயை ஊற்றினாள். செங்கோட்டுவேல் டின் டின்னாகக் கொடுத்துவிட்டுப் போன வெளிநாட்டு எண்ணெய் அது, தேன் நிறத்தில், தொட்டால் விரலில் பட்டுப்போல் வழுக்கியது. ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி, சூப்பர்சார்ஜர் ஊளையிட ஊளையிட அரைமணி நேரம் ஓட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. நிறுத்திவிட்டுப் பானட்டைத் தூக்கினால் பவுடர் பூசிய இடமெல்லாம் பூசியபடியே இருந்தது. டேப்பட் கவர் பேக்கிங் காய்ந்திருந்தது, சூப்பர்சார்ஜரின் மூக்கிலிருந்த ஆயில் சீல் காய்ந்திருந்தது, அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பரைச் சுற்றி ஈரமில்லை. பிளக்கைக் கழற்றினாள், கரியில்லை. ரேடியேட்டர் தண்ணீரைத் தொட்டு முகர்ந்தாள், தண்ணீராகவே இருந்தது. அளவுகோலை உருவினாள். பாதி எண்ணெயைக் காணோம்.

அதே நேரத்தில் பால் சொசைட்டிக் காளியண்ணன் வீட்டில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே சுவர் வேர்த்தது. வேர்வை திரண்டு, கோடாக இறங்கி, தரையில் தேங்கியது. அவன் பொண்டாட்டி துணி போட்டுத் துடைத்தாள், மறுபடி வேர்த்தது. மேல் வீட்டில் யாரோ எண்ணெயைக் கொட்டிவிட்டார்கள் என்று சத்தம் போடக் கிளம்பியவளுக்கு, தங்கள் வீட்டுக்கு மேலே வீடே இல்லை என்பது பாதிப் படியில்தான் நினைவு வந்தது. சாயங்காலத்துக்குள் டெய்லர் வீட்டில் தையல் மிசினுக்குப் பின்னாலிருந்தும், நாவிதர் கடையில் கண்ணாடிக்கு அடியிலிருந்தும், சந்தை ரோட்டு வீடுகள் பலவற்றில் அடுப்படியிலிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் நிலைப்படியிலிருந்தும் அந்த எண்ணெய் ஊற ஆரம்பித்தது.

நெடுங்கரடு ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்குகிற ஊர் இல்லை. இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் ஏனம், வாளி என்று கிடைத்ததை வைத்துப் பிடித்தார்கள். பூமிக்கடியில் பெட்ரோல் கிடைத்துவிட்டது, இனி ஒரு சென்ட் நிலம் கோடிக்குப் போகும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். பூசாரி ஒருவர் அதில் விளக்கேற்றிப் பார்த்தார். சாமி முகமே தெரியாத அளவுக்குப் புகைந்ததால் அது தெய்வ காரியம் இல்லை என்று தீர்ப்பாகியது. ஆனால் தறிக்கு விட்டால் தறி வெண்ணெய்போல ஓடியது. கிணற்று மோட்டாருக்கு விட்டார்கள், சைக்கிள் செயினுக்கு விட்டார்கள், கிறீச்சிடும் கதவுகளுக்கு விட்டார்கள். ஒரு வாரத்தில் நெடுங்கரட்டில் கிறீச்சிடும் கதவு ஒன்றுகூட இல்லாமல் போயிற்று, யார் எப்போது யார் வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்பதே தெரியவில்லை. எண்ணெய் ஊறும் வீடு யோகமுள்ள வீடு என்று பேச்சு வந்தது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பெண் எடுக்க வெளியூரிலிருந்து ஆள் வந்தார்கள். ஜவுளிக்கடை வெள்ளியங்கிரியின் வீட்டில் மட்டும் சொட்டுக்கூட ஊறவில்லை. அவர் சொந்தபந்தத்துக்கு முன்னால் தலைகாட்ட முடியாமல், ஈரோட்டுக்குப் போய் ஒரு டின் எண்ணெய் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நடு ஹாலில் ஊற்றிவிட்டு, வாசலுக்கு ஓடிவந்து, "எங்க வீட்டுலயும் வந்துருச்சு!" என்று கத்தினார்.

சம்பூர்ணத்துக்கு இந்தச் சேதியெல்லாம் அம்சவேணி சொல்லித்தான் தெரியும். அம்சவேணி சந்தை ரோட்டில் டீக்கடை வைத்திருந்தாள். நாகமாணிக்கம் போன பிறகு ஊரில் சம்பூர்ணம் பேசுகிற ஒரே ஆள் அவள். சம்பூர்ணம் சோறு தண்ணியில்லாமல் கிடந்த நாளிலெல்லாம் தூக்குப்போசியில் ரசஞ்சோறு கொண்டுவந்து, கையில் பிடித்து ஊட்டாத குறையாக உட்கார்ந்திருந்தவள். இப்போதும் பட்டறைக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊர்க்கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள், பேச்சுவாக்கில் ஒரு சிறு பாட்டிலை எடுத்துக் காட்டினாள். "காளியண்ணன் வூட்டுல புடிச்சதுக்கா. உனக்குப் பட்டறைக்கு ஆகுமேன்னு."

சம்பூர்ணம் அதில் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தாள். பட்டுப்போல் வழுக்கியது. அந்த ஊரில் அந்த எண்ணெய் வேறு யாரிடமும் கிடையாது.

அம்சவேணி போனதும், எண்ணெயில் கலந்துவிடும் சாயம் ஒன்றைக் காரில் ஊற்றினாள். வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக மின்னும், எந்தச் சந்தில் போய் ஒளிந்தாலும் தெரிந்துவிடும். ஊற்றிவிட்டு இன்ஜினை ஓட்டினாள். மறுநாள் உச்சிவெயிலில், ஒரு கையில் ஊதா விளக்கும் ஒரு கையில் கறுப்புக் குடையுமாகத் தெருவில் இறங்கினாள். வீடு வீடாகப் போய், "எண்ணெயைப் பாக்கோணும்" என்றாள். ஊறும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, குடையைத் தாழ்த்தி இருட்டாக்கிக்கொண்டு, விளக்கை அடித்தாள். காளியண்ணன் வீட்டில் பச்சை. டெய்லர் வீட்டில் பச்சை. நாவிதர் கடையில், செருப்பு மாட்டியவர் வீட்டில், கண்ணில் தூசி விழுந்தவர் வீட்டில், தக்காளி பொறுக்கியவள் வீட்டில், பச்சை, பச்சை, பச்சை. வெள்ளியங்கிரி வீட்டில் மட்டும் மின்னவில்லை. அவர் அந்தச் சந்தை நாளில் சரக்கெடுக்க ஈரோட்டுக்குப் போயிருந்தார் என்பது சம்பூர்ணத்துக்கு நினைவு வந்தது. வந்ததும் அவள் அப்படியே குடைக்குள் உட்கார்ந்துவிட்டாள். பார்த்தவர்கள் வீடு. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்றவர்கள் வீடு. எண்ணெய் அங்கேதான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஸ்டேஷனுக்கும் போனாள். அவள் கேஸை எழுதிய மேசைக்கு அடியில் பெரிய வாணலி வைத்திருந்தார்கள்.

அம்சவேணியின் கடைக்கு மட்டும் அவள் போகவில்லை. அங்கே விளக்கடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் ஒரு டின்னை உடைத்து முழுசாக ஊற்றினாள். காரில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தாள். எட்டு வருசமாக அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததெல்லாம் அந்த வலது காலுக்கு இறங்கியது. சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது, ஊருக்குள் வேர்த்த சுவர்கள் ஒழுகின, ஒழுகிய சுவர்கள் கொட்டின, வைத்திருந்த ஏனங்கள் நிரம்பி வழிந்தன. காலை எடுத்தாள், நின்றது. மறுபடி மிதித்தாள். அன்றிலிருந்து காலையில் பல் துலக்குவதுபோல் அது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. எண்ணெய் ஊற்றுவாள், மிதிப்பாள், தூரத்தில் வாளிகள் உருளும் சத்தத்தைக் கேட்பாள், இறங்கிப் போய் மற்ற வண்டிகளின் வேலையைப் பார்ப்பாள். சந்தோசமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டு வருசத்துக்குப் பிறகு அவளுக்குப் பசியெடுத்தது.

யோகமென்று பேசிய வாய்கள் ஓய்ந்தன. அரிசியில் எண்ணெய், பாயில் எண்ணெய், பள்ளிக்கூடப் பைகளில் எண்ணெய். பெண் எடுக்க வந்தவர்கள் வாசலில் வழுக்கி விழுந்து, அந்தக் கோபத்திலேயே சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார்கள். காலை நேரத்து ஊளைக்கும் தங்கள் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று ஊருக்குப் புரியத் தொடங்கியது. புரிந்ததை யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அதில் அவர்களுக்கு நல்ல பழக்கமிருந்தது.

முதலில் வந்தவன் காளியண்ணன். பட்டறை வாசலிலேயே நின்றான். வேட்டி முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"சம்பூர்ணம், நான் பாத்தேன்."

அவள் நிமிரவில்லை. "என்னத்த?"

"அவரு வண்டிதான். நான் கேனோட ரோட்டோரத்துல நின்னுட்டிருந்தேன். உம்புருசன் ஓரமாத்தான் போனாரு. வண்டி விலகி வந்து அடிச்சுது."

"எட்டு வருசம் கழிச்சு எதுக்கு இப்ப சொல்ற?"

காளியண்ணன் மறைக்கத் தெரியாத ஆள். "வூட்டுல பொழங்க முடியலம்மிணி" என்றான்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது? ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு."

அவன் போய்ச் சொன்னான். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவர் காய்ந்து, அவன் பொண்டாட்டி சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் சேதி பரவ அதற்குமேல் என்ன வேண்டும்? மறுநாள் டெய்லர் போனார், அதற்கடுத்து நாவிதர், பிறகு கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மனசாட்சி உறுத்திப் போனவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள், ஒரு வீட்டில் பிரசவத்துக்கு மகள் வந்திருந்தாள், ஒருவர் புதுசாக டைல்ஸ் ஒட்டியிருந்தார். ஸ்டேஷன் ரைட்டர் எழுதி எழுதிக் கை வலித்து, தன் மேசைக்கடியிலிருந்த வாணலியைப் பார்த்தார். அன்றைக்கு யார் சொல்லி யார் பேரை விட்டோம் என்பதைத் தானே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாணலி காய்ந்தது. வெள்ளியங்கிரியோ ஸ்டேஷனுக்கும் பட்டறைக்குமாக ஓடி, "அது கடையில வாங்குனதுங்க, சத்தியமா நான்தான் ஊத்துனேன், அன்னிக்கு நான் ஊர்லயே இல்லீங்க" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் நம்பவில்லை. சம்பூர்ணம் ஊதா விளக்கோடு அவர் ஹாலுக்கு இன்னொரு தரம் போய், பத்துப் பேரை வைத்துக்கொண்டு அடித்துக் காட்டிய பிறகுதான் அந்த மனுசன் சாப்பிட்டார்.

ஒரு வீடு காயக் காய, அந்த எண்ணெயும் சேர்ந்து மிச்ச வீடுகளில் ஊறியது. எல்லாவற்றுக்கும் மேலாகச் செங்கோட்டுவேலின் பங்களாவில் ஊறியது. பளிங்குத் தரை முழுக்க ஒரு சாண் எண்ணெய் நின்றது. அவன் பட்டறைக்கு வந்தபோது செருப்பு சளக்சளக்கென்றது, சந்தனப் பொட்டு வழிந்து மூக்குக்கு வந்திருந்தது.

"வண்டியைக் குடு."

"ஒழுக்கு இன்னும் கண்டுபுடிக்கலீங்கண்ணா."

"நீ ஒண்ணும் கண்டுபுடிக்க வேண்டாம். குடுறீ சாவியை!"

"வண்டியிலயேதான் இருக்குதுங்க. எடுத்துக்கங்க."

அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறுவதற்கு அழுத்தினான். ஊளை கிளம்பியதும் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் பொண்டாட்டி அலறியது பட்டறைக்குள் நின்ற சம்பூர்ணத்துக்கே கேட்டது. "மாடிப்படியில கொட்டுதுங்க! நிறுத்துங்க! என்ன பண்றீங்களோ அதை நிறுத்துங்க!" அவன் காலை எடுத்தான். பிறகு வண்டியை விட்டு இறங்கினான்.

"என்ன வேணும் உனக்கு? சொல்லு. என்ன வேணும்னாலும் சொல்லு."

"வண்டியை உள்ள தள்ளி விட்டுட்டுப் போங்க. வெயில்ல நிக்குது."

அந்த ஊரில் எவனுக்கும் வழிவிடாதவன், தன் காரைத் தானே தோள் கொடுத்துத் தள்ளி உள்ளே விட்டுவிட்டு, ரோட்டில் நடந்து போனான். சம்பூர்ணம் அவன் முதுகு மறையும்வரை பார்த்துவிட்டு, அடுத்த டின்னை உடைத்தாள்.

சந்தை ரோட்டில் எல்லா வீடும் காய்ந்துவிட்டது என்று சொன்னார்கள். ஆனால் அம்சவேணி டீ கொண்டுவரவில்லை. கடை இரண்டு நாளாகப் பூட்டியிருக்கிறது, காய்ச்சலாம் என்றார்கள். தூக்குப்போசியில் கஞ்சி எடுத்துக்கொண்டு சம்பூர்ணம் பார்க்கப் போனாள். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஷட்டருக்குக் கீழே, தரைக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த சின்ன இடைவெளி வழியாக, தேன் நிறத்தில் எண்ணெய் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. யாரோ உள்ளேயிருந்து சாக்கை வைத்து அடைக்கப் பார்த்திருந்தார்கள்.

சம்பூர்ணம் தட்டவில்லை. கஞ்சியை அங்கேயே சாக்கடையில் கொட்டிவிட்டுப் பட்டறைக்கு நடந்தாள். அன்றைக்கு அவள் மிதித்த மிதியில் சூப்பர்சார்ஜரின் பெல்ட் சூடேறி ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. காலை எடுக்கவேயில்லை. மதியம் தாண்டி அம்சவேணி வந்தாள். தலைமுடியிலிருந்து கால்விரல்வரை எண்ணெய் சொட்ட, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நிறுத்துக்கா. சொல்லிர்றேன்."

சம்பூர்ணம் இன்ஜினை அணைத்தாள்.

"கடை வாசல்லதான் விழுந்தாரு. அவன் வண்டியை நிறுத்தி எறங்கி வந்தான். மாமா அப்ப உசுரோட இருந்தாருக்கா. என்னைப் பாத்துத் தண்ணி கேட்டாரு. நான் சொம்போட எந்திரிச்சேன். அவன் என்னைப் பாத்து, ஷட்டரை எறக்குன்னான். சத்தம்கூடப் போடல. சாதாரணமாத்தான் சொன்னான். நான் எறக்கிட்டேன்."

"அப்புறம்?"

"உள்ளயே நின்னேன். தண்ணி தண்ணின்னு கேட்டுட்டிருந்தாரு. கொஞ்ச நேரம்."

"எத்தனை நேரம்?"

"கேக்காதக்கா."

சம்பூர்ணம் கேட்கவில்லை. தனக்கு ஊட்டிய கை, தூக்குப்போசி, ரசஞ்சோறு எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. எந்தச் சொம்பிலிருந்து யாருக்குப் போக வேண்டிய தண்ணீரை இவள் எட்டு வருசமாகத் தனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள் என்று நினைத்தபோது, செங்கோட்டுவேலின்மேல் வராத ஒரு வெறி அவளுக்கு வந்தது.

"இப்பச் சொன்னதை அப்பிடியே ஸ்டேஷன்ல சொல்லு. ஷட்டரையும் சொல்லு. தண்ணியையும் சொல்லு."

"சொல்றேன். அதுக்கப்புறம் உம்மூஞ்சில எப்பிடிக்கா முழிப்பேன்?"

"முழிக்க வேண்டாம்" என்றாள் சம்பூர்ணம்.

அம்சவேணி போய்ச் சொன்னாள். அந்த ஒரு வாக்குமூலத்தில்தான் கேஸ் உறுதியாக நின்றது. மறுநாள் காலை செங்கோட்டுவேலைக் கூட்டிப்போக ஜீப் வந்தபோது பங்களாவின் கதவைத் திறந்ததும் எண்ணெய் படியிறங்கித் தெருவுக்கு வந்தது. அவன் அதில் நடந்து வந்தான். இரண்டு தரம் வழுக்கி விழுந்தான். தூக்கிவிட யாரும் போகவில்லை, அவன் மில்லிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று, ஒருவரும் குனிந்து செருப்பு மாட்டாமல், கண்ணில் தூசி விழாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பின் சீட்டில் சாக்கு விரித்துத்தான் அவனை உட்காரவைத்தார்கள்.

அன்றைக்குச் சம்பூர்ணம் அளவுகோலை உருவிப் பார்த்தாள். எண்ணெய் ஊற்றிய அளவில் அப்படியே நின்றது. ஓட்டிப் பார்த்தாள், மிதித்துப் பார்த்தாள். குறையவில்லை. ஒழுக்கு நின்றுவிட்டது. ஊர் ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்தது. காளியண்ணன் சிரித்துக்கொண்டே வந்து பால் ஊற்றினான். செருப்பு மாட்டியவர் பேத்திக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைத்தார். எல்லோருக்கும் எல்லாம் முடிந்துவிட்டது. சம்பூர்ணம் பட்டறையில் அந்தக் காரின் முன்னால் உட்கார்ந்தாள். எல்லோர் வீட்டிலும் வடிந்தது அவளுக்குள் வடியவில்லை. பளபளவென்று, பவுடர் வாசனையோடு, ஒரு குறையுமில்லாமல் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. கேட்கும்போது கொடுத்தால் போதும் என்று ஸ்டேஷன்காரர்கள் அதை அங்கேயே விட்டிருந்தார்கள்; கோர்ட்டில் கேஸ் முடிந்தால் இதை அவன் மகன் ஓட்டிக்கொண்டு போவான்.

அடுத்த சந்தை நாளில், உச்சிவெயிலில், சந்தை ரோட்டில் சனம் நெருக்கியடித்த நேரத்தில், அவள் அந்தக் காரை ஓட்டிவந்து அம்சவேணியின் டீக்கடைக்கு நேரே நடுரோட்டில் நிறுத்தினாள். இறங்கி, படுத்து, சேம்பரின் அடைப்பானைக் கழற்றினாள். எண்ணெய் முழுவதும் தாரில் கொட்டியது. கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தாள். பிறகு பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, காலை வைத்து ஏறி நிற்பதுபோல் மிதித்தாள். முதலில் அந்தப் பழைய ஊளை எழுந்தது. பிறகு ஊளைக்குள் ஒரு சரசரப்பு வந்தது, சரசரப்பு கிறீச்சாகியது, கிறீச்சு இரும்பின் அலறலாகியது. காய்கறிக் கடைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள், ஆனால் கண்ணை யாரும் பொத்தவில்லை. புகை கிளம்பியது. அவள் காலை எடுக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மடாரென்று அடித்துக்கொண்டது, கார் ஒரு தரம் குதித்தது, அப்புறம் இறுகிப்போய் நின்றுவிட்டது. சந்தை முழுக்கச் சத்தமில்லை.

சம்பூர்ணம் இறங்கி, கூட்டத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம்வரை பார்த்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தோம்" என்றாள் அன்றைக்குத் தக்காளி பொறுக்கியவள். "பாத்தோம் சம்பூர்ணம்" என்றான் காளியண்ணன். "பாத்தோம், பாத்தோம்" என்று சந்தை முழுக்கச் சொன்னது. வெள்ளியங்கிரி முண்டியடித்து முன்னால் வந்து, "இந்தத் தடவை நானும் பாத்தேங்க!" என்றார்.

ஜீப்பில் வந்த சப்-இன்ஸ்பெக்டர் புகையைச் சுற்றி வந்தார். இது கேஸில் காட்ட வேண்டிய வண்டி, இதைக் கெடுத்தது யார் என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே அம்சவேணி ஷட்டரை முழுசாக மேலே தூக்கிவிட்டு வெளியே வந்து, சம்பூர்ணத்தின் முகத்தை நேராகப் பார்த்து, கையை நீட்டினாள். "இவதானுங்க. நான் பாத்தேன்."

அவளுக்குப் பின்னால் எல்லாக் கைகளும் நீண்டன. தயவு தாட்சண்யமில்லாமல், யார் என்ன நினைப்பார்கள் என்று பாராமல், தங்கள் வீட்டுச் சுவர்களை நினைத்துக்கொண்டு நீண்டன.

"ஏம்மா, ஒத்துக்கறயா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான்தானுங்க" என்றாள் சம்பூர்ணம். "நான் சொல்றது எதுக்கு, அவங்க சொல்றதை எழுதிக்கங்க. ஒருத்தரையும் விடாம எழுதிக்கங்க."

அன்று ஸ்டேஷன் வாசலில் சாட்சி சொல்ல நின்ற வரிசை, மார்க்கெட் முக்கைத் தாண்டிச் சந்தை ரோடுவரை நீண்டது. சம்பூர்ணம் உள்ளே பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக வந்து, தன் பேரைச் சொல்லி, தகப்பன் பேரைச் சொல்லி, நான் பார்த்தேன், என் ரெண்டு கண்ணால் பார்த்தேன் என்று சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு, கடைசி ஆள்வரைக்கும், அவள் அதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தாள்.